மைக் பிடிச்சவங்க என்ன வாழ்த்து சொல்றது?

நவம்பர் கடைசில வர்ற தாங்க்ஸ்கிவிங் முடிஞ்ச மறுநாள்ல இருந்து அமெரிக்காவுல எல்லார் வாயிலயும் ஒரு தயக்கம் வந்து உக்காந்துக்கும். லிஃப்ட்ல கூட வர்றவர் இறங்கும்போது ஏதாவது சொல்லணும், மெர்ரி கிறிஸ்துமஸ்னு சொல்லலாமா, இவர் யூதரா இருந்துட்டா, சரி எந்தப் பண்டிக பேரும் இல்லாம பொதுவா ஹேப்பி ஹாலிடேஸ்னு சொல்லலாம்னா ஓ நீ கிறிஸ்துமஸ் பேர எடுக்கச் சொல்ற கட்சியான்னு நினைச்சுட்டா, இப்படி யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கதவு திறந்துடும், ‘ஹேவ் எ குட் ஒன்’னு எதையோ முணுமுணுத்துட்டு போயிடுவாங்க. என்னைப் பாத்தா இந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் கூடும், ஏன்னா நான் பொட்டு வச்சிருப்பேன். அதனால நானே முந்திக்கிட்டு மெர்ரி கிறிஸ்துமஸ்னு சொல்லிடுவேன். தூத்துக்குடில சிஸ்டர்ஸ் நடத்துற ஸ்கூல்ல படிச்சவ, டிசம்பர் வந்தா வீட்டு வாசல்ல ஸ்டார் தொங்காத தெருவப் பாத்ததே இல்ல, எனக்கு இதுல என்ன இருக்கு.

ஒருத்தர் இன்னொருத்தருக்கு சொல்றதுல எனக்கு எந்தப் பிரச்சனையும் தெரியல. கடைல பில் போடுற பொண்ணு எதச் சொல்லுதோ அதையே நான் திருப்பி சொல்லிட்டு வந்துடுவேன். அவ மனசார சொல்றா, அவளோட பண்டிக, வாங்கிக்க எனக்கு என்ன குறைஞ்சிடும்? ஆனா மைக்க கையில குடுத்து மேடைல ஏத்தி விட்டா கதையே வேற. நான் இங்க நியூ ஜெர்சில எங்க ஊர் தமிழ்ச் சங்கத்துல வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ நிகழ்ச்சித் தொகுப்பு பண்றேன், ஆபீஸ்லயும் ‘கல்ச்சர் கமிட்டி’ன்னு ஒண்ணுல என் பேரப் போட்டு வச்சிருக்காங்க (நான் கேக்கல, போட்டுட்டாங்க). ரெண்டு இடத்துலயும் டிசம்பர் வந்தா இதே பஞ்சாயத்து தான், அதனால இத கொஞ்சம் உக்காந்து யோசிச்சேன், எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல, இந்தச் சண்டை ஏதோ இப்ப வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இந்த நாட்டுல கிறிஸ்துமஸுக்கு எதிரா முதல்ல சட்டம் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? நாத்திகர் கிடையாது, யூதர் கிடையாது, படு தீவிர கிறிஸ்தவங்களான பியூரிட்டன்கள். மாசசூசெட்ஸ் காலனில 1659ல ஒரு சட்டம், கிறிஸ்துமஸ்னு சொல்லி வேலைக்குப் போகாம இருந்தாலோ விருந்து வச்சாலோ 5 ஷில்லிங் அபராதம். பைபிள்ல இந்தத் தேதியே இல்ல, இது குடிச்சுட்டு கூத்தடிக்கிற நாளுங்கிறது அவங்க கட்சி. 1681ல தான் அந்தச் சட்டத்த எடுத்தாங்க. கிறிஸ்துமஸ் தேசிய அளவுல அரசு விடுமுறை ஆனதே 1870ல, கிராண்ட் ஜனாதிபதியா இருக்கும்போது. இதெல்லாம் தெரிஞ்சப்புறம் டிவில ஒருத்தர் மேசையத் தட்டி ‘நம்ம பாரம்பரியத்த அழிக்கப் பாக்கறாங்க’ன்னு கத்தும்போது எனக்கு சிரிப்பு தான் வருது.

அந்தக் கத்தல் உச்சத்துக்குப் போனது 2005ல. ஃபாக்ஸ் நியூஸ்ல ‘கிறிஸ்துமஸ் மேல போர்’னு தினமும் ஓட்டுனாங்க. வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னாடி வைக்கிற மரத்த கொஞ்ச வருஷமா ‘ஹாலிடே ட்ரீ’ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அந்த வருஷம் சபாநாயகர் ஹாஸ்டர்ட் அத மறுபடி கிறிஸ்துமஸ் மரம்னு மாத்தினார். அதே வருஷம் ஜனாதிபதி புஷ் அனுப்புன வெள்ளை மாளிகை வாழ்த்து அட்டைல கிறிஸ்துமஸ்ங்கிற பேரே இல்ல, ‘ஹாலிடே சீசன்’னு இருந்துச்சு, அவரோட சொந்த ஆளுங்களே கோவிச்சுக்கிட்டாங்க. வால்மார்ட்ட பகிஷ்கரிப்போம்னு கிளம்பினாங்க, அடுத்த வருஷமே வால்மார்ட் நாங்க மறுபடி மெர்ரி கிறிஸ்துமஸ் தான் சொல்லப் போறோம்னு அறிவிச்சுடுச்சு. கம்பெனிக்காரனுக்கு கொள்கையாவது ஒண்ணாவது, பொம்மை வித்தா சரி. இதுக்கு மேல டெக்சாஸ்ல 2013ல ஒரு சட்டமே போட்டாங்க, ஸ்கூல்ல டீச்சரும் பசங்களும் மெர்ரி கிறிஸ்துமஸ், ஹேப்பி ஹனுக்கா (டிசம்பர் வாக்குல வர்ற யூதர் பண்டிக), ஹேப்பி ஹாலிடேஸ் எத வேணா சொல்லலாம்னு. இத்தனைக்கும் வாழ்த்து சொல்லக் கூடாதுன்னு அதுக்கு முன்னாடி தடை எதுவும் கிடையாது. பயம் மட்டும் இருந்துச்சு, பயத்துக்கு ஒரு சட்டம்.

கோர்ட்டுல என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்தா தான் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமா இருக்கு. வாழ்த்த விட பொம்மைய வச்சுத்தான் அங்க நிறைய சண்டை நடந்திருக்கு. ரோட் ஐலண்ட்ல பாடக்கெட்னு ஒரு ஊர், நகராட்சி செலவுல ஏசு பிறப்பக் காட்டுற குடில் வைக்கலாமான்னு கேஸ். 1984ல உச்ச நீதிமன்றம் 5-4ல சரி வச்சுக்கோங்கன்னுடுச்சு, ஏன்னா குடிலோட சேர்ந்து சாண்டாவோட வீடு, கலைமான், ‘சீசன்ஸ் க்ரீட்டிங்ஸ்’னு ஒரு பேனர் எல்லாம் இருந்துச்சாம், மொத்தமா பாத்தா பண்டிகைக் கால அலங்காரம் தானேன்னு. அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு கேஸ்ல, பிட்ஸ்பர்க்ல கோர்ட் கட்டடப் படிக்கட்டுல குடில் மட்டும் தனியா வச்சது தப்புன்னு தீர்ப்பு. அதே தீர்ப்புல பக்கத்து அரசுக் கட்டடத்து வாசல்ல 45 அடி கிறிஸ்துமஸ் மரமும் பக்கத்துல 18 அடி யூதர்களோட மெனோரா விளக்கும் இருந்தது சரின்னுட்டாங்க. பக்கத்துல கலைமான் நின்னா ஏசு மதச்சார்பற்றவர் ஆயிடுவார்னு இத வக்கீல்களே கிண்டல் பண்றது உண்டு. நம்பிக்கை உள்ளவங்களுக்கு இது ஒரு வகைல அவமானம் தான், என்னோட கிறிஸ்டியன் ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்லுவா, எங்க சாமிய கோர்ட் காப்பாத்துன விதத்தப் பாரு, நீ ஒண்ணும் பெரிய ஆள் இல்லப்பான்னு சொல்லி உள்ள விட்டிருக்காங்கன்னு.

ஆனா என்ன ரொம்ப யோசிக்க வச்சது குடில் கேஸ் எதுவும் இல்ல, 1992ல வந்த ஒரு தீர்ப்பு. இதுவும் ரோட் ஐலண்ட் தான், பிராவிடன்ஸ் நகரம் (அந்தக் குட்டி மாநிலத்துக்கு வேற வேலையே இல்ல போல). ஒரு மிடில் ஸ்கூல் பட்டமளிப்பு விழா, பிரார்த்தனை சொல்ல ஒரு ரபைய, அதாவது யூத மதகுருவ, கூப்பிட்டிருந்தாங்க. ஸ்கூல் பிரின்சிபால் உஷாரா, எந்த மதத்தையும் குறிப்பிடாம பொதுவா சொல்லுங்கன்னு வழிகாட்டிக் குறிப்பு எல்லாம் குடுத்திருந்தார். அவரும் அப்படித்தான் சொன்னார், எல்லாருக்கும் பொதுவா, யாருக்கும் உறுத்தாத மாதிரி. அப்படியும் கோர்ட் இது செல்லாதுன்னுடுச்சு. நீதிபதி கென்னடி எழுதுனதோட சாரம் என்னன்னா, பதினாலு வயசுப் பிள்ளைங்க, கூட இருக்கிற எல்லாரும் எழுந்து நிக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் உக்காந்திருக்க முடியுமா, வராம இருக்கலாமேன்னு சொல்றது எல்லாம் ஒரு பதிலா. அதாவது வார்த்தையப் பொதுவாக்கிட்டா பிரச்சனை தீர்ந்துடும்னு ஸ்கூல் நினைச்சுச்சு, கோர்ட் பாத்தது நிக்க வச்சத. இதே கென்னடி தான் 2014ல நியூயார்க் மாநிலத்துல கிரீஸ்னு ஒரு ஊரோட நகராட்சிக் கூட்டத்துல பிரார்த்தனையோட ஆரம்பிக்கிறது பரவால்லன்னு எழுதினார், அங்க இருந்தவங்க பெரியவங்க, யாரையும் கட்டாயப்படுத்தலன்னு. கூடவே, பிரார்த்தனைய எல்லாருக்கும் பொதுவா மாத்தணும்னு அரசாங்கம் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் எது சரியான பிரார்த்தனைன்னு அரசாங்கமே திருத்த உக்காரணும்ங்கிற மாதிரியும் சொல்லியிருந்தார். அந்த ரெண்டாவது தீர்ப்புல எனக்கு முழு உடன்பாடு இல்ல, ஒரு சின்ன ஊர்ல தெரு விளக்கு எரியலன்னு மனு குடுக்க வந்தவங்க எல்லாரும் தல குனிஞ்சு நிக்கும்போது தனியா நிமிந்து நிக்கிறது பெரியவங்களுக்கும் கஷ்டம் தான்.

இத ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, எங்க சங்கத்துல நடந்ததும் இதே தான். நவம்பர் விழாவுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு வாட்சப் குரூப்ல பேச்சு. சங்கம் மதச்சார்பில்லாததுன்னு பைலாவுலயே இருக்கு, அதனால ‘தீபாவளி விழா’ன்னு போடலாமா, ‘குழந்தைகள் தின விழா’ன்னு போடலாமா, ‘இலையுதிர்கால விழா’ன்னு போடலாமான்னு நடுராத்திரி வரைக்கும் டிங் டிங்னு மெசேஜ். அமெரிக்காவுல நிறைய தமிழ்ச் சங்கங்கள்ல இது நடக்கிற கத தான், தீபாவளி கொண்டாடலாமாங்கிறதே பெரிய விவாதம், சில ஊர்ல குழந்தைகள் தினத்தோட சேர்த்து சமாளிப்பாங்க.

எங்க கமிட்டில கீழக்கரைக்காரங்க ஒரு முஸ்லிம் அக்கா இருக்காங்க. எல்லாரும் அவங்களுக்காகத் தான் பேர மாத்துறோம்னு நினைச்சுட்டு இருந்தோம், ஆனா அவங்கள யாருமே கேக்கல. நான் போன் பண்ணி கேட்டேன். “தீபாவளி வாழ்த்து நீங்க ஆயிரம் தடவ சொல்லுங்கம்மா, எங்களுக்கு என்ன, ஊர்ல பக்கத்து வீட்டுல இருந்து அதிரசம் வந்துரும் முந்தின நாளே. ஆனா விழா ஆரம்பிக்கும்போது கமிட்டி மெம்பர்னு என்னையும் மேடைக்கு கூப்பிட்டு குத்துவிளக்கு ஏத்தச் சொல்றீங்க பாருங்க, அப்ப தான் எங்க போய் ஒளியிறதுன்னு தெரியல. ஏத்தவும் முடியாது, முன்னூறு பேருக்கு முன்னாடி மாட்டேன்னு சொல்லவும் முடியாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க”ன்னாங்க. நாங்க பேரப் பத்தி ராத்திரி எல்லாம் பேசுனோமே தவிர விளக்கப் பத்தி ஒருத்தர் கூட ஒரு வரி பேசல.

இன்னொருத்தர் கறுப்புச் சட்டை போடுற தோழர், நரகாசுரனக் கொன்ன நாளுக்கு நான் ஏன் வாழ்த்து சொல்லணும்னு கேக்கிறவர். பெரியார் காலத்துல இருந்து இருக்கிற வாதம் தான். “நான் சொல்ல மாட்டேன், என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. நாற்காலி போட எத்தனை மணிக்கு வரணும்?” அவ்வளவு தான் அவர் கேட்டது. நாகர்கோவில் அண்ணன் ஒருத்தர், “அதுக்கென்ன கெடக்கு, தீபாவளின்னே போடுங்க. ஆனா டிசம்பர் வந்தா கிறிஸ்துமஸுன்னு போடணும், அப்ப வந்து பொதுவா போடுவோம்னு சொல்லப்பிடாது”ன்னு முன்கூட்டியே ரசீது போட்டு வாங்கிக்கிட்டார்.

இந்த மூணு பேரும் சொன்னதக் கேட்டப்புறம் எனக்கு விஷயம் தெளிவாச்சு. அடுத்தவங்க பண்டிகைக்கு வாழ்த்து காதுல விழுறதுல யாருக்கும் வருத்தம் இல்ல. தன்னையும் அதுல ஒரு வேஷம் கட்டி நிக்க வச்சா தான் வருத்தம், தன்னோட பண்டிக வரும்போது வாயே திறக்கலன்னா தான் வருத்தம். பேர எடுத்துட்டு மழுப்பலா ஏதோ ஒண்ண வைக்கிறது இந்த ரெண்டையுமே சரி பண்ணாது. விழாவுக்கு இலையுதிர்கால விழான்னு பேர் வச்சுட்டு உள்ள குத்துவிளக்கும் மத்தாப்பும் தீபாவளி மலரும் இருந்தா யார ஏமாத்துறோம்?

ஆபீஸ்ல நடக்கிற ‘ஹாலிடே பார்ட்டி’யும் அப்படித்தான். எல்லா மதத்துக்கும் பொதுவாம். போய் பாத்தா பச்ச சிவப்பு ரிப்பன், ஊசியிலை மரம், ஜிஞ்சர்பிரெட், யாரோ ஒருத்தர் சாண்டா தொப்பி, மூலைல ஒரு மெனோரா, அதுக்குப் பக்கத்துல க்வான்சாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஸ்டாண்ட். க்வான்சா 1966ல கறுப்பின மக்களுக்காக உருவாக்குன பண்டிக, எங்க டீம்ல அத கொண்டாடுறவங்க யாரும் இல்ல, ஆனா அலங்காரத்துல வந்துடும். ஹனுக்கா யூதர்களுக்கு அவ்வளவு பெரிய பண்டிகையே இல்ல, ரோஷ் ஹஷானாவும் யோம் கிப்பூரும் தான் அவங்களுக்கு முக்கியம், அது செப்டம்பர் அக்டோபர்ல வருது. அப்போ எந்த ஹெச்சார் மெயிலும் வராது, என் கூட வேலை பாக்கிற யூத நண்பர் லீவ் போட்டுட்டு உபவாசம் இருப்பார், அன்னைக்குத்தான் மதியம் பீட்சா மீட்டிங் வைப்பாங்க. கிறிஸ்துமஸ் பக்கத்துல வருதுங்கிறதால ஹனுக்காவுக்கு அதிர்ஷ்டம். ரம்ஜான் மாசம் வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துகிட்டே இருக்கும், அதுக்கு எந்த சீசன்லயும் இடம் கிடைக்காது. தீபாவளி அக்டோபர் நவம்பர்ல முடிஞ்சிடும். அப்ப டிசம்பர்ல ஹேப்பி ஹாலிடேஸ்னு சொல்லும்போது அதுல நான் எங்க இருக்கேன்? எனக்காகத் தான் கிறிஸ்துமஸ்ங்கிற பேர எடுத்தாங்களாம், நான் கேக்கவே இல்லயே.

இதச் சொன்னா சில பேர் என்ன அந்த டிவி கத்தல் கோஷ்டியோட சேர்த்துடுவாங்க, அப்படி இல்ல. அவங்களுக்கு வேண்டியது கிறிஸ்துமஸ் மட்டும் ஒலிக்கணும்கிறது, நான் கேக்கிறது அவங்கவங்க நாளுக்கு அவங்கவங்க பேர். இதுக்கு வழி இல்லாம இல்ல. அமெரிக்க தபால் துறையவே எடுத்துக்கோங்க, 1962ல கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப், 1996ல ஹனுக்கா, 1997ல க்வான்சா, 2001ல ஈத், 2016ல தீபாவளி. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா, பேரோட. தீபாவளி ஸ்டாம்ப்புக்கு நம்மாளுங்க வருஷக்கணக்கா மனு போட்டு அலைஞ்சது தனிக்கதை. வெள்ளை மாளிகைல 2003ல தீபாவளி ஆரம்பிச்சாங்க, 2009ல ஒபாமாவே விளக்கேத்தினார். நியூயார்க் நகரத்துப் பள்ளிகளுக்கு தீபாவளி லீவுன்னு 2023ல சட்டம் வந்துச்சு, 2024ல நவம்பர் 1 லீவ் விட்டாங்க. நமக்கு அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னைக்கு. காலைல எண்ணெய் தேய்ச்சு குளிச்சுட்டு சாயங்காலம் பேய் வேஷம் போட்டதுங்க நிறைய தமிழ்ப் பிள்ளைங்க, லீவ் என்னமோ மறுநாள் தான். வடக்க ஒரு நாள் தெக்க ஒரு நாள்னு கொண்டாடுறத நியூயார்க்காரனுக்கு யார் போய் விளக்குறது.

நம்ம ஊர்லயும் ஹேப்பி ஹாலிடேஸ் உண்டு, மறந்துடாதீங்க. விநாயகர் சதுர்த்தி அன்னைக்கு கலைஞர் டிவியப் போட்டா ‘விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்’. மீம் போட்டு மீம் போட்டு அதுவே ஒரு பண்டிகையாயிடுச்சு. ஆனா இங்க அமெரிக்காவுல நடக்கிறதும் அங்க நடக்கிறதும் ஒண்ணு இல்ல. இங்க பெரும்பான்மையோட பண்டிக பேர மறைக்கிறது சிறுபான்மை மனசு நோகக் கூடாதுன்னு. அங்க காரணம் பகுத்தறிவுக் கொள்கை. கொள்கைன்னா கொள்கை, எந்த மதப் பண்டிகைக்கும் சொல்ல மாட்டேன்னு இருந்தா நான் சலாம் போட்டிருப்பேன், எங்க தோழர் அப்படித்தான் இருக்கார், ரம்ஜானுக்கும் சொல்ல மாட்டார் கிறிஸ்துமஸுக்கும் சொல்ல மாட்டார். திமுக தலைவர்கள் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து சொல்லிட்டு தீபாவளிக்கு மட்டும் சொல்லாம இருக்கும்போது தான் வருஷா வருஷம் எதிர்க்கட்சிக்கு அல்வா மாதிரி ஒரு விஷயம் கிடைச்சுடுது. புராணத்துல அசுரன்னு சொல்றது நம்மளத் தான்ங்கிற அவங்க வாதம் எனக்குப் புரியுது, ஒரு கட்சித் தலைவர் வாழ்த்து சொல்லாம இருக்கலாம், அது அவர் உரிமை. முதலமைச்சர் நாற்காலில உக்காந்தப்புறம் அந்த வாய் அவரோடது மட்டும் இல்லங்கிறது என் கருத்து. சண்டைக்கு வர்றவங்க வாங்க.

ஆனா அதே திராவிட இயக்கம் பண்ண ரெண்டு வேலைய நான் மனசார ஒத்துப்பேன். ஒண்ணு, 1970ல அரசு விழாக்கள்ல தமிழ்த்தாய் வாழ்த்து கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி இறைவணக்கம்னு ஏதாவது ஒரு பக்திப் பாட்டு பாடுவாங்க, எந்த சாமி பாட்டுங்கிறது பாடுறவங்களப் பொறுத்தது. எல்லாரும் எழுந்து நிக்க வேண்டிய ஒரு இடத்துல எல்லாருக்கும் சொந்தமான ஒண்ண வச்சாங்க. இன்னைக்கும் எங்க சங்கத்துல கீழக்கரை அக்காவும் தோழரும் நாகர்கோவில் அண்ணனும் சேர்ந்து நின்னு பாடுற ஒரே பாட்டு அது தான், அப்புறம் அமெரிக்க தேசிய கீதம். இன்னொண்ணு பொங்கல். தமிழர் திருநாள், உழவர் திருநாள்னு அத மேடைக்கு கொண்டு வந்தது. வீட்டுல சூரியனுக்குப் படைக்கிறவங்க படைக்கட்டும், சர்ச்ல பொங்கல் வைக்கிறவங்க வைக்கட்டும், மேடைல பொங்கல் வாழ்த்து சொல்லும்போது யாரும் நெளியிறதில்ல. ஹேப்பி ஹாலிடேஸால முடியாதத பொங்கலால முடியுது, ஏன்னா அதுல கரும்பு இருக்கு, பானை இருக்கு, அறுவடை இருக்கு. பேரும் ஊரும் இல்லாத வாழ்த்துல ஒட்டிக்க எதுவும் இல்ல.

அதுக்காக எல்லாப் பண்டிகையையும் பொங்கல் ஆக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். தீபாவளி தீபாவளியாவே இருக்கட்டும், கிறிஸ்துமஸ்ல ஏசு இருக்கட்டும்.

கடைசில நவம்பர் விழாவுக்கு தீபாவளி விழான்னே பேர் வச்சோம். மேடைல குத்துவிளக்கு முதல்லயே ஏத்தி வச்சுட்டோம், கதவு திறக்கிறதுக்கு முன்னாடி, ஏத்தணும்னு விருப்பம் இருந்தவங்க வந்து ஏத்தினாங்க. விழா தமிழ்த்தாய் வாழ்த்தோட ஆரம்பிச்சுச்சு. நான் எழுதி வச்சிருந்தது இவ்வளவு தான்: “தீபாவளி கொண்டாடுற எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள், கொண்டாடாதவங்களுக்கு இந்த சாயங்காலம் நல்லா அமையட்டும், பிரியாணி எல்லாருக்கும் இருக்கு.” கொண்டாடாதவங்களுக்குன்னு தனியா சொல்றது பிரிச்சுக் காட்டுற மாதிரி இல்லயான்னு ஒரு மாமா அப்புறமா கேட்டார், இருக்கலாம், அதுல எனக்கும் முழு திருப்தி இல்ல, இன்னும் நல்லா ஒரு வரி கிடைச்சா மாத்திக்குவேன்.

இப்ப டிசம்பர் பாட்லக்குக்கு (ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வர்ற விருந்து) என்ன பேர்னு குரூப்ல ஓட்டெடுப்பு ஓடிட்டு இருக்கு. ‘ஆண்டு இறுதி சந்திப்பு’க்குத் தான் ஓட்டு அதிகம், நாகர்கோவில் அண்ணன் நவம்பர்ல வாங்குன வாக்குறுதிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கார். நான் கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தான் குத்தினேன், தோழர் எதுக்கும் குத்தல. பிளம் கேக்ல முட்டை போட்டது ஒண்ணு போடாதது ஒண்ணுன்னு முடிவாயிடுச்சு, ரம் போடக் கூடாதுங்கிறதும் முடிவாயிடுச்சு. கேரல் பாடும்போது எல்லாரும் எழுந்து நிக்கணுமான்னு கீழக்கரை அக்கா கேட்டிருக்காங்க, பாடுறவங்க மட்டும் நின்னா போதும்னு நான் பதில் போட்டிருக்கேன், அண்ணன் கிட்ட இருந்து இன்னும் ப்ளூ டிக் வரல.